வெள்ளாற்றங்கரையின் ஈர விதைகள்

வன இலாகாவுக்கு இப்போது ஆற்றங்கரைக் காடுகளின் மேல் திடீரென்று அன்பு வந்திருக்கிறது. கரையோரங்களில் எஞ்சி நிற்கும் காட்டுத் துண்டுகளைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து விதை எடுத்து, மொட்டையாகிப்போன கரைகளில் பழைய மரங்களையே மறுபடியும் கொண்டுவர வேண்டுமாம். போன மாதம் ஓர் இளம் அதிகாரி வீட்டுக்கு வந்து அந்தச் சுற்றறிக்கையைக் காட்டினார். பளபளப்பான தாள். மூன்றாம் பக்கத்தில் கட்டம் கட்டி, கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்: நாவல், இலுப்பை விதைகளை வெயிலில் உலர்த்தக் கூடாது, பழம் விழுந்த சில நாட்களுக்குள் ஈரத்தோடு விதைத்துவிட வேண்டும்.

"உங்க காலத்துல இப்படி ஏதாவது செஞ்சீங்களா சார்?" என்று கேட்டார்.

செய்தோம். ஒரே ஒரு முறை. அவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். பதிலை எழுத்தில்தான் கொடுக்க முடியும். ஆயுள் முழுவதும் கோப்புகளோடு கழித்தவனுக்கு வாய்ப்பேச்சில் நம்பிக்கை இருப்பதில்லை.

நான் வனவராகச் சேர்ந்தது அறுபதுகளின் தொடக்கத்தில். கோயம்புத்தூரில் பெற்ற பயிற்சியைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. காலையில் ஓட்டம், பகலில் லத்தீன் பெயர்கள், மாலையில் மறதி. விதை பற்றிய வகுப்பு ஒன்றில், "சில விதைகள் உலர்ந்தால் செத்துப்போகும்" என்று விரிவுரையாளர் சொன்னார். எந்த விதைகள் என்று சொல்வதற்குள் மணி அடித்துவிட்டது. அந்த அரை வாக்கியத்தோடு நான் சிதம்பரத்துக்கு வேலைக்கு வந்தேன்.

சிதம்பரத்தில் எனக்கு மேலதிகாரி ரேஞ்சர் வைத்தியலிங்கம். அவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட்டால் இந்தக் கட்டுரை எழுதுவது எளிதாகிவிடும். ஆனால் அவர் அப்பழுக்கில்லாத மனிதர். பண்ருட்டிப் பக்கத்துக் குத்தகைக்காரர் ஒருவர் வாசலில் வைத்துவிட்டுப் போன பலாப்பழத்தை மகஜர் எழுதிக் கைப்பற்றி, முறைப்படி ஏலம் விட்டவர். குரல் உயர்த்த மாட்டார். கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைப்பார். அவர் துடைக்கும் நேரத்தை வைத்து அலுவலகத்தில் கோபத்தை அளப்போம். யார் எதைச் சொன்னாலும் அவருடைய முதல் கேள்வி ஒன்றுதான்: "எந்தப் பாராவுல இருக்கு?"

இளம் வயதில் அவர் காடாம்புலியூர்ப் பக்கம் வனவராக இருந்தபோது, மழைக்காலத்தில் ஒரு கிடங்கு நிறைய முந்திரி விதை பூஞ்சை பிடித்து நாறிப்போனது. சரியாக உலர்த்தாமல் மூட்டை கட்டியது வேறொருவர். விளக்கம் எழுதியது இவர். மூன்று வருஷம் எழுதினார். அதன்பிறகு ஈரமான விதை என்றாலே அவருக்கு உடம்பு கூசும். அவர் கையாலேயே எழுதி, கடலூர் தலைமை அலுவலகத்தில் ஒப்புதல் வாங்கிய நடைமுறை ஒன்று கிடங்குச் சுவரில் சட்டம் போட்டுத் தொங்கியது. ஏழு நாள் வெயில். நாளுக்கு மூன்று முறை புரட்டல். எட்டாம் நாள் அவரே வந்து ஒரு விதையை எடுத்துப் பல்லிடுக்கில் வைத்துக் கடிப்பார். டக்கென்று உடைந்தால் தலையை ஆட்டுவார். நசுங்கினால் மூட்டை முழுவதும் மறுபடி முற்றத்துக்குப் போகும். முந்திரிக்கும் சவுக்குக்கும் தேக்குக்கும் அந்த நடைமுறையில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

இனி அந்தக் காடு. புவனகிரிக்கும் பரங்கிப்பேட்டைக்கும் நடுவில், வெள்ளாறு ஒரு பெரிய வளைவு எடுக்கும் இடத்தில், நாலு ஏக்கர் அளவில் ஒரு மரக்கூட்டம் நின்றது. நாவல், இலுப்பை, நீர்மருது, கீழே புங்கன், ஓரமெல்லாம் தாழை. ஒரு காலத்தில் ஆற்றின் இரு கரையும் இப்படித்தான் இருந்திருக்க வேண்டும். மற்றதெல்லாம் வயலாகவும் செங்கல் சூளையாகவும் ஆன பிறகு இது மட்டும் மிஞ்சியதற்குக் காரணம் யாருடைய நல்ல மனசும் இல்லை. சர்வே வரைபடத்தில் அந்த இடம் தண்ணீர் என்று காட்டப்பட்டிருந்தது. ஆறு நகர்ந்து போய் மண் ஒதுங்கி மரம் முளைத்ததை எந்த சர்வேயரும் வந்து பார்க்கவில்லை. தண்ணீருக்கு யாரும் பட்டா கேட்க மாட்டார்கள் என்பதால் காடு பிழைத்தது.

காட்டுக்குப் பின்னால் தோணித்துறைத் தெரு. நாற்பது வீடுகள் இருக்கும், பெரும்பாலும் முஸ்லிம் குடும்பங்கள். தோணி கட்டுவார்கள், பாய் வியாபாரம் செய்வார்கள், சிலர் மலேயாவுக்குப் போய்வந்தவர்கள். ஒவ்வொரு கார்த்திகை வெள்ளத்திலும் ஆறு அந்த வளைவில் மோதும். நாவல் வேர்கள் களிமண்ணைப் பிடித்துக்கொண்டு விடாது. தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் வந்துவிட்டு வடியும். அவ்வளவுதான்.

அந்த வளைவை நேராக்கிப் புதுக்கரை போடுவதென்று மராமத்துக்காரர்கள் திட்டம் தீட்டினார்கள். காடு வழியில் நின்றது. தெருக்காரர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு மரத்தை வெட்டாதீர்கள் என்று மனு கொடுத்தார்கள். ஆட்சேபம் நிலுவையில் இருந்தால் வெட்ட முடியாது. மேலே பேசி ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: அந்தக் காட்டிலேயே விதை எடுத்து, அதே மரங்களின் கன்றுகளை இலாகா வளர்த்துப் புதுக்கரையில் நட்டுத் தரும்; தெரு மனுவை வாபஸ் வாங்க வேண்டும். வாபஸ் வாங்கிவரும் பொறுப்பு எனக்கு.

எனக்குத் துணையாக வந்தவர் ஹனீபா. எங்களிடம் தினக்கூலி வாட்சர். அந்தத் தெருவிலேயே குடியிருப்பவர், முப்பது வயதிருக்கும், எதையும் மெல்லப் பேசுகிறவர். தோணித்துறையில் தெரு ஆண்கள் கூடியிருந்தார்கள். நான் திட்டத்தை விளக்கினேன். பேச்சு நன்றாகவே வந்தது. யாரும் என்னைப் பார்க்கவில்லை, ஹனீபாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவருடைய மனைவியின் அண்ணன் கமால்தான் முதலில் வாயைத் திறந்தான். "ஏன் மச்சான், காக்கிச் சட்டை போட்டதும் மரமெல்லாம் ஒன்கிட்ட வந்து சலாம் சொல்லுதா?"

சிரிப்பு எழுந்தது. ஹனீபாவும் சிரித்தார். "மரம் சொல்லல மச்சான், பாரஸ்டர் சார் சொல்றாரு. நம்ம காட்டு வெதையத்தான் எடுக்கப்போறாங்க. வேற ஊரு மரம் இல்ல."

தோணி கட்டும் பெரியவர் ஒருவர் என்னிடம் திரும்பினார். "தம்பி, கரை புதுசு, மரமும் புதுசு. ஆறு மட்டும் பழசு. உங்க கன்னு வளர்ற வரைக்கும் அது சும்மா இருக்குமா?"

"முதல் ரெண்டு வருஷம் கரையைக் கல் போட்டுப் பாதுகாப்பாங்க" என்றேன். அப்படித்தான் எனக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

பெரியவர் ஹனீபாவைப் பார்த்தார். ஹனீபா எழுந்து நின்றார். "மாமா, நான் இங்கதான குடியிருக்கேன்? எம் புள்ளைங்களும் இங்கதான தூங்குது? வெதை பொறுக்கப்போறது நானு. தண்ணி ஊத்தப்போறது நானு. இன்ஷா அல்லாஹ், இதே நாவலு இதே இலுப்பை அங்க நிக்கும். நிக்கலேன்னா எம் மூஞ்சியில முழிக்காதீங்க."

கையெழுத்துகள் விழுந்தன. என் விளக்கத்துக்காக ஒன்றுகூட விழவில்லை. எல்லாம் ஹனீபாவின் முகத்தை நம்பி விழுந்தவை.

ஆனி கடைசியில் பழம் உதிரத் தொடங்கியது. விதை எடுப்பதை நான் ஒழுங்காகவே செய்தேன். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை உண்டு. ஒண்டியாக நிற்கும் மரத்தில் எடுக்கவில்லை. கூட்டத்துக்கு நடுவில், நேராக வளர்ந்த, நடுவயது மரங்களாகப் பார்த்துத் தாய்மரமாகக் குறித்தோம். பக்கத்துப் பக்கத்து மரங்களைத் தவிர்த்தோம், எல்லாம் ஒரே தாயின் பிள்ளைகளாகிவிடக் கூடாது என்று. முதலில் விழுந்த பழங்களையும் கடைசியில் விழுந்தவற்றையும் ஒதுக்கினோம். அடியில் துணி விரித்து, கிளையை உலுக்கி, விழுந்ததைக் கூடையில் சேர்த்தோம். நாவலின் சதையை மணல் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும் என்று நடைமுறை. பாதிச் சதையை ஆட்களே தின்று தீர்த்ததால் வேலை குறைந்தது. எல்லோருடைய நாக்கும் ஊதா. பிறகு அண்டாவில் தண்ணீர் வைத்து விதையைக் கொட்டினால், மிதப்பது சொத்தை, மூழ்குவது நல்லது. மூழ்கியதில் பத்தை எடுத்து வெட்டிப் பார்ப்போம். உள்ளே பச்சை கலந்த வெளுப்பு, கொழுகொழுவென்று ஈரம். பத்தும் நன்றாக இருந்தன. அவ்வளவு நல்ல விதையை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

மறுநாள் அதை முற்றத்தில் கொட்டச் சொன்னேன்.

ஹனீபா கூடையைக் கீழே வைக்காமல் நின்றார். "சார், காய வெக்கிறதா?"

"ஏழு நாள்."

"நாவக்கொட்டையக் காய வெச்சா செத்துடும் சார். இலுப்பையும் அப்படித்தான். அதுவா விழும், சேத்துல ஒட்டும், அந்த வாரமே மொளை விட்டுடும். எங்க தெருவுல யாரும் வெயில்ல போட மாட்டாங்க. எண்ணெய்க்குன்னாதான் இலுப்பக்கொட்டையக் காய வெப்பாங்க."

"ரூல் அப்படி பாய்."

"ரூலு போட்டவுங்க நாவப்பழம் தின்னுருக்காங்களா சார்?"

எனக்குக் கோயம்புத்தூர் வகுப்பின் அரை வாக்கியம் ஞாபகம் வந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு சிதம்பரம் போனேன். ரேஞ்சர் ஏதோ பதிவேட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், நாவல், இலுப்பை விதையை உலர்த்தாம விதைச்சாத்தான் முளைக்கும்னு தோணுது."

"எந்தப் பாராவுல இருக்கு?"

"பாராவுல இல்ல சார். பயிற்சிப் பள்ளியில லெக்சரர் சொன்னாரு."

"நாவல், இலுப்பைன்னு பேர் சொல்லியா சொன்னாரு?"

"இல்ல சார். சில விதைன்னு."

"அவர் கிடங்குப் பொறுப்புல இருந்திருக்காரா?"

"தெரியல சார்."

"நான் இருந்திருக்கேன்" என்றார். பேச்சு முடிந்தது.

அதற்கு மேலும் ஒரு வழி இருந்தது. நடைமுறைகளை அறிந்தவன் என்பதால் இதை மறைக்க முடியாது. ஐயம் இருந்தால் கீழ்நிலை ஊழியர் எழுத்தில் குறிப்பு வைத்து மேலே உத்தரவு கேட்கலாம். குறிப்பு வைத்தால் அது ரேஞ்சரைத் தாண்டிக் கடலூருக்குப் போயாக வேண்டும். ஆனால் என் தகுதிகாண் பருவம் முடிய ஆறு மாதம் இருந்தது. என்னை நிரந்தரமாக்கலாமா என்று எழுத வேண்டியவர் அவர். குறிப்பு வைக்கவில்லை. திரும்பி வந்து, விதையை நானே முன்னால் நின்று முற்றத்தில் பரப்பச் செய்தேன். நாளுக்கு மூன்று முறை புரட்டினோம். ஆடி வெயில் இலாகாவோடு நன்றாக ஒத்துழைத்தது. எட்டாம் நாள் ரேஞ்சர் வந்து கடித்துப் பார்த்தார். டக்கென்று உடைந்தது.

மூட்டை கட்டி, உள்ளே ஒரு சீட்டு, வெளியே ஒரு சீட்டு வைத்து, பாசஞ்சர் ரயிலில் கடலூருக்கு அனுப்பினோம். அங்கே சரிபார்த்து, அதே விதையை அதே ரயிலில் எங்களுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். அதற்கு மூன்று வாரம் பிடித்தது. கூடவே ஒரு சான்று வந்தது: "பூஞ்சை இல்லை. ஈரம் இல்லை. முதல் தரம்." மேலதிகாரி கையெழுத்து. என் பணிக்காலத்தில் எழுத்து மூலம் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அதுதான்.

காட்டை ஒட்டியே நாற்றங்கால் அமைத்திருந்தோம். பாத்தி எடுத்து, விதை ஊன்றி, மேலே வைக்கோல் போட்டோம். ஹனீபா விடியலிலும் பொழுது சாயும்போதும் ஆற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றினார். வாபஸ் கிடைத்துவிட்டதால் ஆவணியில் வெட்டு தொடங்கியது. நாங்கள் பாத்தி ஓரம் குந்தி முளை தேடும்போது, நூறு அடி தள்ளித் தாய்மரங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. பெரிய நாவல் சாயும்போது பாத்தியின் மண் அதிரும். தெருவிலிருந்து யாராவது வந்து எட்டிப் பார்ப்பார்கள். "என்ன மச்சான், மொளைச்சிருச்சா?" என்று கமால் தினமும் கேட்பான். ஹனீபா தினமும் "வரும்" என்பார்.

புரட்டாசி பிறந்தது. ஒரு மரம்கூட மிச்சமில்லை. ஒரு முளைகூட வரவில்லை. பாத்தியைத் தோண்டி ஒரு விதையை எடுத்துப் பிளந்தேன். உள்ளே பழுப்பாகப் பொடிந்திருந்தது.

அன்று மாலை ஹனீபா என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார். கொல்லையில் அவருடைய மனைவி ஜுலைகா ஒரு தென்னங்கீற்றுத் தட்டியைத் தூக்கினார். கீழே கொட்டாங்குச்சி, உடைந்த சட்டி, மண்ணெண்ணெய்த் தகரம். ஒவ்வொன்றிலும் கன்று. சாண் உயரம், செம்புநிறக் கொழுந்து. பெரும்பாலும் நாவல், ஒரு பத்துப் பன்னிரண்டு இலுப்பை. எண்ணினேன். நாற்பத்தொன்று.

"கோவிச்சுக்காதீங்க சார்" என்றார் ஹனீபா. "காயப்போடச் சொன்ன அன்னிக்கே ரெண்டு கூடை ஒதுக்கிட்டேன். எலி கொஞ்சம் தின்னுடுச்சி. இவ்வளவுதான் தேறிச்சி."

அந்தக் காட்டிலிருந்து உலகத்தில் மிச்சமிருந்தது அவ்வளவுதான். நாற்பத்தொரு கன்று ஒரு கரைக்குப் போதாது. ஆனால் வளைவின் முனையில் நெருக்கி நட்டால் தெருவுக்கு எதிரில் ஒரு வரிசை நிற்கும். எட்டுப் பத்து வருஷத்தில் அவையே பழம் கொடுக்கும். எனக்கு அழுகை வரும்போல இருந்தது. "ரேஞ்சர்கிட்ட நான் சொல்றேன் பாய்" என்றேன்.

ஹனீபா தயங்கினார். "எம் பேரு வேணாம் சார். நீங்களே எடுத்துட்டுப் போய் பாத்தியில வெச்சிருங்க. மரம் வந்தாப் போதும்."

"பேர் இல்லாம எப்படிப் பதிவேட்டுல ஏத்தறது? உங்களுக்குக் கிடைக்க வேண்டிய பேர் இது."

வேறு எந்தத் தொழில் செய்பவனும் இரவோடு இரவாகக் கன்றைப் பாத்திக்கு மாற்றிவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பான். எனக்கோ வரவில் இல்லாத கன்று கன்றே இல்லை. அது எங்கிருந்து வந்தது, யார் வளர்த்தார் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு ரேஞ்சர் மேசையில் வைத்தேன். ஹனீபாவுக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன்.

ரேஞ்சர் அதை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். வெகுநேரம் துடைத்தார்.

"இது யாரோட விதை?"

"நம்ம விதைதான் சார்."

"வரவுல ஏறாத விதை நம்ம விதை எப்படி ஆகும்? ஏறியிருந்தா, வாட்சர் வீட்டுக் கொல்லைக்கு எப்படிப் போச்சு?"

"உலர்த்தாத விதை முளைச்சிருக்கு சார். உலர்த்தினது முளைக்கல. அதைப் பார்க்கணும் சார்."

"முதல் தரம்னு கடலூர்ல கையெழுத்துப் போட்டிருக்காங்க. முதல் தர விதை ஏன் முளைக்கலன்னு என்கிட்ட விளக்கம் கேட்டிருக்காங்க." ஒரு கடிதத்தை என் பக்கம் நகர்த்தினார். "நல்லதைப் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுபோயிட்டு, சொத்தையைப் பாத்தியில போட்டிருக்கான். அத்தாட்சி அவன் கொல்லையிலயே முளைச்சு நிக்குது. நீங்களே எழுதிக் கொடுத்திருக்கீங்க."

அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பொய் சொன்னார் என்றால் நான் அவரை வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அவர் அதை நம்பினார். உலர்ந்த விதை சாகும் என்பதைவிடத் தினக்கூலி வாட்சர் திருடுவான் என்பது அவருக்கு இயல்பாக இருந்தது.

"மகஜர் போடுங்க" என்றார்.

மகஜருக்கு உள்ளூர் சாட்சிகள் இருவர் வேண்டும். வந்தவர்கள் கமாலும் அந்தத் தோணிப் பெரியவரும். கொல்லையில் நின்று எழுதினேன். கொட்டாங்குச்சியில் இத்தனை, சட்டியில் இத்தனை, தகரத்தில் இத்தனை. "கைப்பற்றிய பொருளின் நிலை" என்று ஒரு கட்டம். "நல்ல நிலையில் உள்ளது" என்று நிரப்பினேன். ஹனீபா என் எதிரில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஜுலைகா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கமால் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுத்தான். "மரம் வந்துடுச்சி மச்சான், நீ சொன்ன மாதிரியே. திருட்டு மரமா வந்துருக்கு. அவ்வளவுதான்." யாரும் சிரிக்கவில்லை. பெரியவர் ஹனீபாவின் முகத்தைப் பார்க்காமல் வெளியே போனார்.

"சார்" என்றார் ஹனீபா, "பாத்திக்கு ரெண்டு வேளையும் தண்ணி ஊத்தினேனே, அத எழுதினீங்களா?"

"அதுக்குக் கட்டம் இல்ல பாய்" என்றேன். உண்மையிலேயே இல்லை.

கன்றுகளை மாட்டு வண்டியில் ஏற்றியவரும் அவர்தான். ஒன்றோடொன்று மோதாதபடி நடுவில் வைக்கோல் திணித்தார். வண்டிக்காரரிடம், "பள்ளத்துல மெல்லப் போங்க" என்றார். அவர் மேல் வழக்குப் போடவில்லை. அது ரேஞ்சரின் கருணை. வேலையிலிருந்து நீக்கி, இனி எந்தப் பணிக்கும் எடுக்கலாகாது என்று எழுதினார்கள். நாற்றங்கால் தோல்விக்குக் காரணம்: வாட்சரின் கையாடலும் கவனக்குறைவும். வரைவு எழுதியது நான். கோப்பில் இன்றும் அதுதான் இருக்கும்.

கைப்பற்றிய பொருளை அலுவலகத்துப் பின்னறையில் பூட்டி வைக்க வேண்டும். சன்னல் இல்லாத அறை. பழைய வண்டிச் சக்கரங்களுக்கும் கள்ள மரத்துண்டுகளுக்கும் நடுவில் கன்றுகளை அடுக்கிப் பூட்டினோம். பூட்டின் மேல் அரக்கு. முத்திரை என்னுடையது. மூன்றாம் நாள், தண்ணீர் ஊற்ற அனுமதி கேட்டேன். முத்திரையை உடைத்தால் சாட்சியம் கெட்டுவிடும் என்றார் ரேஞ்சர். ஆனாலும் என்னை மதித்து, அன்றே கடலூருக்கு எழுதி உத்தரவு கேட்டார். ஐப்பசி மழை ஓட்டின் மேல் இரைந்து பெய்தது. அந்த அறை மட்டும் ஒழுகவில்லை. சிதம்பரத்திலேயே ஒழுகாத கூரை அதுதான் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

உத்தரவு தை மாதம் வந்தது. உயிருள்ள பொருளாதலால் காலதாமதமின்றி நட்டுவிடலாம் என்று இருந்தது. அதே தபாலில் என்னை நிரந்தரமாக்கிய உத்தரவும் வந்தது. அரக்கை உடைத்துக் கதவைத் திறந்தேன். எல்லாக் கன்றுகளும் வெளிறி, குச்சியாக நீண்டு, கதவின் கீழ் இடுக்கைப் பார்த்து ஒரே பக்கமாகச் சாய்ந்து காய்ந்திருந்தன. பதிவேட்டில் "தானாக அழிந்தது" என்று எழுதி முடித்தேன்.

புதுக்கரை அந்தக் கோடையில் எழுந்தது. வாக்குக் கொடுத்தபடி மரமும் வைத்தோம்: சவுக்கு. கிடங்கில் அதுதான் இருந்தது. கல் பதிக்கும் வேலை அடுத்த ஆண்டுத் திட்டத்துக்குத் தள்ளிப்போனது. கார்த்திகையில் வெள்ளம் வந்தபோது, ஆறு தன் பழைய வளைவைத் தேடிக்கொண்டு வந்தது. சவுக்குக் கன்றுகள் மண்ணோடு சேர்ந்து, வரிசை கலையாமல் போயின. தோணித்துறைத் தெருவில் கீழ்ப்பாதி விடிவதற்குள் இல்லை. உயிர்ச்சேதம் இல்லை என்று அறிக்கை போயிற்று. கமாலின் தாயார், அதாவது ஜுலைகாவின் தாயார், வீடிழந்தவர்களைத் தங்கவைத்த பள்ளிக்கூடத்தில் ஈரத் தரையில் படுத்து, அறிக்கை போன ஒன்பதாம் நாள் இறந்தார்.

சேதத்தைப் பார்வையிட என்னை அனுப்பினார்கள். அழிந்த சவுக்குகளின் எண்ணிக்கை வேண்டுமாம். தெருவின் உடைந்த முனையில் ஹனீபா நின்று, சேற்றிலிருந்து ஓடுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தார். ஒரு வருஷத்துக்கும் மேலாக நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. தெருவில் அவரோடும் பெரும்பாலானவர்கள் பேசுவதில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். என்னைப் பார்த்ததும் பழைய பழக்கத்தில் நிமிர்ந்து நின்றார்.

"எங்க போறீங்க பாய்?" என்று கேட்டேன்.

"கடலூர் முதுநகருக்கு சார். துறைமுகத்துல மூட்டை தூக்கலாம்னு சொல்றாங்க. இங்க இனிமே என்னா இருக்கு?" கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். வழியெல்லாம் வாக்கியங்களை அடுக்கிக்கொண்டே வந்தேன். ஆனால் அவர் முந்திக்கொண்டார். "சார், ஒண்ணு கேக்கணும். அந்தக் கன்னுங்கள என்னா பண்ணாங்க?"

"நட்டாச்சு" என்றேன்.

"எங்க சார்?"

"கடலூர்ல. கெடிலத்தங்கரையில."

அவர் முகம் மாறியது. அந்த முகத்தை நம்பி ஒரு தெரு கையெழுத்துப் போட்டது ஏன் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. "நாப்பத்தியொண்ணுமா?"

"ரெண்டு மூணு பட்டுப்போச்சு. மத்ததெல்லாம் நல்லா இருக்கு."

"எம்மாம் ஒசரம் இருக்கு சார்?"

நான் இடுப்பளவில் கையை வைத்துக் காட்டினேன்.

"நாவலா, இலுப்பையா அந்த ஒசரம்?"

"நாவல்." கையைக் கொஞ்சம் இறக்கினேன். "இலுப்பை இவ்வளவு."

"இலுப்பை அப்படித்தான் சார், மொதல்ல மெல்லத்தான் வரும்." என் கைக்குக் கீழே இருந்த வெற்றிடத்தை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆடு கடிக்கும். சுத்தி முள்ளு வெச்சிருக்காங்களா?"

"வெச்சிருக்காங்க."

"முதுநகர்லேருந்து கெடிலம் கிட்டத்தான? ஒரு ஞாயித்துக்கெழம நடந்து போய்ப் பாத்துட்டு வரேன்" என்றார். "எந்தப் பக்கத்துக் கரைன்னு மட்டும் சொல்லுங்க சார்."

தென்கரை என்று சொன்னேன்.